ஈரம் தெரியும் இடத்தில் உளி வைக்காதீர்கள்

சுவரில் ஓதம் தெரிந்ததும் பெரும்பாலோர் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். அவர் பழைய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, நீர்புகாப் பெயின்ட் என்று ஏதோ ஒன்றை இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுப் போவார். சில மாதங்கள் சுவர் பளிச்சென்று இருக்கும். பிறகு அதே இடத்திலோ இரண்டடி தள்ளியோ பெயின்ட் கொப்பளித்து உரியும். அதற்குப் பின்தான் சுத்தியலும் உளியுமாக ஒருவர் வருவார். எங்கே ஈரம் அதிகமோ அங்கே உடைப்பார். குழாய் வேலை செய்யும் எங்களைத் தேடி வரும் வேலைகளில் கணிசமானவை இப்படி உடைத்துப் பார்த்து, உள்ளே குழாய் ஒரு குறையும் இல்லாமல் இருப்பதைக் கண்டு திகைத்து நிற்கும் வீடுகள்.

ஈரம் தெரியும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. செங்கல்லிலும் சிமென்ட் பூச்சிலும் இருக்கும் நுண்துளைகள் வழியே நீர் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் ஏறும். தரைக்கு அடியில் கசியும் நீர் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஓதமாக நிற்பது சாதாரணம். குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டும், டைல்ஸுக்கு அடியிலுள்ள இடைவெளியிலும், மின்கம்பி செல்லும் பைப்புக்குள்ளும் அது பல அடி தூரம் போய்விடும். ஸ்விட்ச் பெட்டியில் ஈரம் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை முதலில் வரவழையுங்கள். குழாய் வேலை அதற்குப் பிறகு.

எங்கே கசிகிறது என்று தேடும் முன், எது கசிகிறது என்று முடிவு செய்ய வேண்டும். எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர் லைன், பயன்படுத்தும்போது மட்டும் நீர் ஓடும் கழிவு லைன், வெளியிலிருந்து வரும் மழை நீர், இந்த மூன்றும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். இரவும் பகலும் ஒரே சீராக ஈரம் இருந்தால் முதல் சந்தேகம் நல்ல தண்ணீர் லைன் மேல். விருந்தினர் வந்து குளியலறைப் புழக்கம் கூடிய நாட்களில் மட்டும் ஈரம் விரிந்தால் கழிவு லைன் மேல். இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுவது ஏசி வடிகுழாய். அதன் சரிவு தவறினாலோ அடைத்துக்கொண்டாலோ, குழாய் கசிவு போலவே சுவர் நனையும்.

வாட்டர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அதன் முகப்பைப் பாருங்கள். பல மீட்டர்களில் எண்களுக்கு அருகே முக்கோணமாகவோ நட்சத்திர வடிவிலோ ஒரு சிறு சக்கரம் இருக்கும். எதுவும் திறந்திராதபோது அது நகர்ந்தால் எங்கோ நீர் போகிறது. ஆனால் மேல்நிலைத் தொட்டி வைத்திருக்கும் வீட்டில், தொட்டி நிரம்பி மிதவை வால்வு அடைத்த பிறகே இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. தொட்டிக்குக் கீழே நடக்கும் சிறு கசிவை மீட்டர் உடனே காட்டாது.

அதற்கு வேறு வழி. இரவில் மோட்டாரை நிறுத்தி, தொட்டிக்குள் நீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, தொட்டியிலிருந்து இறங்கும் வால்வுகள் அனைத்தையும் மூடிவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவது தொட்டியோ, அதன் இணைப்போ, முழுதாக அடைக்காத பழைய கேட் வால்வோதான். இறங்கவில்லையென்றால் மறுநாள் இரவு ஒரே ஒரு வால்வை மட்டும் திறந்து, வீட்டுக் குழாய்களை மூடிவைத்துப் பாருங்கள். இப்படி ஒவ்வொரு லைனாக விலக்கிக்கொண்டே வந்தால் எந்தக் குளியலறை, எந்தச் சமையலறை என்பது சுவரைத் தொடாமலே தெரிந்துவிடும். 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர் போயிருக்கிறது. கசிவு எவ்வளவு பெரியது என்று இதிலிருந்தே கணக்குப் போடலாம்.

ஃப்ளஷ் டேங்கை மறக்காதீர்கள். உணவுக்குப் போடும் வண்ணத்தில் சில துளிகளை அதில் விட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே வாஷர் போய்விட்டது. தொட்டியே காலியாகும் மர்மம் பல வீடுகளில் இவ்வளவில் முடிந்துவிடுகிறது.

கழிவு லைனுக்குப் பொறுமை வேண்டும். தரையை நனைக்காமல் வாளி நீரை நேராக வடிகாலுக்குள் ஊற்றுங்கள். கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் வடிகுழாய் மேல் குற்றம். நனையவில்லையென்றால் வடிகாலை அடைத்து, தரையில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் நீர் தேக்கி ஒரு நாள் விடுங்கள். இப்போது நனைந்தால் டைல்ஸ் இடுக்கு, அல்லது அதற்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு. தாழ்த்திக் கட்டிய சங்கன் ஸ்லாப்பாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: உள்ளே நிரப்பிய செங்கல் துண்டுகள் நிறைய நீரைத் தேக்கி வைத்திருக்கும். கசிவு நின்ற பிறகும் பல நாட்கள் கூரை சொட்டும். அதைப் பார்த்து அவசரப்பட்டு, செய்த வேலை வீண் என்று மறுபடி உடைப்பவர்கள் உண்டு.

படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் ஓதம் என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. மறுபக்கம் குளியலறை. தரைதான் காரணம் என்று டைல்ஸ் இடுக்குகளையெல்லாம் அவர்கள் ஏற்கெனவே புதிதாக அடைத்திருந்தார்கள். நீர் தேக்கிப் பார்த்தோம், தரை தேறிவிட்டது. குளிர்நீர், வெந்நீர் லைன்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கைப்பம்ப்பால் அழுத்தம் ஏற்றினோம். குளிர்நீர் லைனில் பம்ப்பின் அழுத்தமானி முள் அசையவில்லை. வெந்நீர் லைனில் மெல்ல இறங்கியது. நீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும் டைவர்ட்டருக்குப் பின்னால் இரண்டு டைல்ஸ் மட்டும் எடுத்தோம். மரை உள்ள எல்போவில் (வளைவு இணைப்பில்), நகத்தால் தடவினால்தான் உணர முடிகிற ஒரு விரிசல். பம்ப் கைப்பிடியை அழுத்தும்போதெல்லாம் அதில் நீர் வியர்வை போலத் துளிர்த்து, துளியாகத் திரண்டு, சுவருக்குள் வழிந்தது. டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி, பெரிய ரென்ச்சால் இறுக்கியதன் பலன். நான் பார்க்கும் பிளாஸ்டிக் குழாய்க் கசிவுகளில் நடுக்குழாய் தானாக வெடித்தது அரிது, இணைப்புகளில்தான் வினை.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்பக் கேமரா நீரைக் காட்டாது, வெப்பநிலை வேறுபாட்டைத்தான் காட்டும். வெந்நீர் லைனில் அது கை கொடுக்கும். மற்ற இடங்களில் படத்தை மட்டும் நம்பி உடைக்கச் சொல்பவரிடம் அழுத்தச் சோதனை செய்தாரா என்று கேளுங்கள். ஈரமானி சுவரில் பூத்திருக்கும் உப்பையும் ஈரம் என்றே காட்டும்.

பழுது கண்ட பிறகு மேலே பசை, களிம்பு என்று பூசி மூடுவது ஓரிரு நாளைக்கான ஏற்பாடு. பழுதான துண்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பொருத்துவதே வேலை. பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டும் சால்வென்ட் டப்பாவில் போட்டிருக்கும் உலரும் நேரம் முடியுமுன் நீரைத் திறக்கக் கூடாது. துருப்பிடித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஒரு ஓட்டையை அடைத்தால், அதே வயதுள்ள மீதிக் குழாய் வரிசையில் காத்திருக்கும். அந்த லைனைக் கைவிட்டு, வெளிச்சுவரில் கண்ணுக்குத் தெரியும்படி புதிது இழுப்பதே என் பரிந்துரை. அழகு கொஞ்சம் குறையும்தான்.

சுவரை மூடும் முன் மறுபடி அழுத்தச் சோதனை. 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். வழக்கமான அழுத்தத்தைப் போலக் குறைந்தது ஒன்றரை மடங்கு ஏற்றி, ஓரிரு மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். வாட்டர் ஹீட்டரை முன்பே கழற்றிவிட வேண்டும். பிறகு திறந்த சுவரில் அளவு நாடாவை வைத்துக் குழாய் போகும் பாதையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆணி அடிப்பவருக்கும் அது உதவும். சுவர் உலர வாரக்கணக்கில் ஆகும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், கழுவாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டால், தாளின் உட்புறம் நீர் கோக்கிறதா என்று தெரியும். கோக்கவில்லையென்றால் பெயின்டரை அப்போது கூப்பிடலாம்.