கோட்டையில் எழுதிய வழமை, உங்கள் காணி உறுதியில்

யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போகிறவர்கள் ஐங்கோண மதிலையும் அகழியையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எனக்கோ அந்தக் கோட்டை தினமும் மேசைக்கு வருகிறது. காணி உறுதி எழுதுவது என் தொழில்.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், வரிக்காகத் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, எழுதினார்கள். ஆனால் சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று வழக்கு வந்தபோது ஊர் வழமை தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆளுநர் சைமன்ஸ் கேட்டபடி, இங்கே திசாவையாக, அதாவது மாவட்ட நிர்வாகியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அந்த வழமைகளைத் தொகுத்து 1707 ஜனவரியில் கொடுத்தார். அதைத் தமிழாக்கி, ஊர்த் தலைவர்களான 12 முதலியார்கள் பார்த்துச் சரி சொன்னார்கள். அதுதான் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். பிறகு வந்த ஆங்கிலேயரும் 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதை நிலைநிறுத்தினார்கள். 1911இலும் 1947இலும் மாற்றங்கள் வந்தன. இன்றும் அது நடைமுறையில் உள்ள சட்டம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்கா, மஞ்சள் பையில் சுற்றிய சீதன உறுதியோடு வந்தார். இரண்டு பரப்புக் காணி. விலை பேசி, முற்பணமும் வாங்கி, மகளின் படிப்புக்குக் கட்டிவிட்டார். உறுதி எழுதக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றேன். கணவர் பிரிந்து போய்ப் பல காலம்.

"என்ர அம்மா தந்த காணிக்கு அவற்ற ஒப்பம் ஏன் தம்பி?"

நியாயமான கேள்வி. 1911 சட்டப்படி காணி அவருடையதுதான். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் அசையாச் சொத்தைக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. கணவர் தன் காணியை விற்க மனைவியின் ஒப்பம் தேவையில்லை. இது மாற்றப்பட வேண்டிய சட்டம் என்று நான் யாரிடமும் ஒளிக்காமல் சொல்வேன். போருக்குப் பின் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் இத்தனை பேர் இருக்கும் மண்ணில் இது பெரிய கொடுமை.

ஆனால் வழி இருக்கிறது. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது காரணமின்றிச் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம். அக்காவும் அப்படித்தான் அனுமதி பெற்றார். அதற்குள் வாங்க வந்தவர் காத்திருக்க மாட்டேன் என்று முற்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். அக்கா சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார். முற்பண ஒப்பந்தம் எழுதியவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

அப்புறம், பங்குக் காணி, அதாவது பலருக்குப் பிரிக்காமல் சொந்தமான காணி. விற்க முன் பங்காளிகளுக்கும், உங்கள் வாரிசாகக் கூடியவர்களுக்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். வாங்கும் முதல் உரிமை அவர்களுடையது. பக்கத்துக் காணிக்காரர் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு அது கிடையாது. 1947 சட்டம் அதைத் தெளிவாக்கிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒன்றும் சொல்ல மாட்டான் என்று நினைத்து விற்று, பிறகு வழக்குக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே விலை பேசிய அன்றே, முற்பணத்தைத் தொடுமுன், பழைய உறுதியையும் விவாகப் பதிவையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.