சொல் விளக்கம்: ரிசார்ட் என்றால் விடுதியா, ஊரா?

'பிளாக்பூல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ரிசார்ட்.' இந்த வரியைத் தமிழில் படிப்பவருக்கு என்ன தோன்றும்? சுற்றுச்சுவர், வாயிலில் காவலாளி, உள்ளே நீச்சல் குளம், தென்னை மரத்தடியில் சாய்வு நாற்காலி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாகப் பெயர்ப்பலகை வைத்திருப்பவை இப்படிப்பட்ட ரிசார்ட்டுகள்தான். 2017 பிப்ரவரியில் சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூரில் தங்கவைக்கப்பட்டபோது, அதுவரை அந்தச் சொல்லைப் புழங்காதவர்கள்கூடப் புழங்கத் தொடங்கினார்கள். ஆக, தமிழில் ரிசார்ட் என்பது தங்கும் விடுதி.

பிளாக்பூல் விடுதி அன்று. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாழும் ஊர். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் இடுகாடும் உள்ள ஊர். பிரிட்டனில் கடற்கரை ரிசார்ட் என்றால் முதலில் ஊரைத்தான் குறிக்கும். இந்த ஒரு வேறுபாட்டைத் தவறவிட்டால் பிரைட்டன், மார்கேட், ஸ்கார்பரோ முதலிய ஊர்கள் வாழ்ந்த கதையும் தாழ்ந்த கதையும் தமிழில் புரியாமலே போய்விடும். விடுதிக்கு ஆள் வராவிட்டால் பூட்டிவிடலாம். ஊரை எப்படிப் பூட்டுவது?

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். பழைய பிரெஞ்சு மொழியில் 'சொர்த்தீர்' என்றால் வெளியே போதல். அதன்முன் 'மீண்டும்' என்று பொருள்படும் 'ரெ' சேர்ந்து 'ரெசொர்த்தீர்' ஆயிற்று: மீண்டும் புறப்படுதல், திரும்பி எழும்புதல். இன்றைய பிரெஞ்சில் சுருள்வில்லுக்கு 'ரெசோர்' என்று பெயர் இருப்பதும் இதனால்தான்; அமுக்கிவிட்டால் திரும்பி எழும்புகிறதல்லவா. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, இக்கட்டில் ஒருவர் உதவி நாடிப் போகும் இடத்தை அது குறித்தது. 'அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை' என்கிறோமே, அந்தப் போக்கிடம். அதிலிருந்து மக்கள் அடிக்கடி போய்க் கூடும் இடம் என்ற பொருள் கிளைத்தது. பொழுதைக் கழிக்கப் போகும் இடம் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வந்து சேர்கிறது.

அந்தக் காலக்கணக்கு தற்செயலானது அன்று. ஆங்கிலேயர்கள் கடலை நோக்கிக் கூட்டமாகப் போகத் தொடங்கியதும் அப்போதுதான். போனது விளையாட அன்று, நோய் தீர. 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளிப்பது மட்டுமன்றிக் குடிக்கவும் சொன்னார். மீனவர் ஊராக இருந்த பிரைட்டனுக்குக் குடிபெயர்ந்து அங்கேயே மருத்துவம் பார்த்தார்; நோயாளிகள் பின்தொடர்ந்தார்கள். அவருக்கும் முன்பே ஸ்கார்பரோவில் 17ஆம் நூற்றாண்டில் ஒரு கனிம ஊற்றுக்காக மக்கள் வந்து, பிறகு பக்கத்துக் கடலிலும் இறங்கியிருந்தார்கள்.

அன்றைய கடற்குளியலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நான்கு சக்கரங்கள் மேல் நிற்கும் மர அறை. குளிக்க வருபவர் கரையில் அதற்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். குதிரை அதைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஆடும் இருட்டறைக்குள் உடை மாற்றி முடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிடும். கடல் பக்கத்துக் கதவைத் திறந்தால் படிகள். படிக்குக் கீழே இடுப்பளவு நீரில் வலுவான ஒரு பெண் நிற்பாள். வந்தவரைப் பிடித்து அலைக்குள் முக்கி எடுப்பது அவள் வேலை. பிரைட்டனில் இந்த வேலையைச் செய்த மார்த்தா கன் நாடறிந்த பெண்மணி ஆனார். 1789இல் வெய்மத் கடலில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முங்கியபோது, பக்கத்து வண்டிக்குள் இருந்த இசைக்குழு மன்னரை வாழ்த்தும் பாட்டை வாசித்தது.

அடுத்து ரயில் வந்தது. பிரைட்டனுக்கு 1841இல், பிளாக்பூலுக்கு 1846இல். மன்னரும் செல்வரும் போன இடத்துக்கு நெசவாலைத் தொழிலாளியும் போக வழி பிறந்தது. லங்காஷயர் பருத்தி ஆலை ஊர்கள் கோடையில் முறைவைத்து ஒவ்வொரு வாரம் ஆலையை நிறுத்தின. இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் இன்னோர் ஊர். ஆலை நின்றதும் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு பிளாக்பூலுக்குக் கிளம்பியது. ஆண்டுதோறும் அதே வாரம், அதே தெருக்காரர்கள், பெரும்பாலும் அதே வீட்டுக்கார அம்மாளின் விருந்தினர் இல்லம். மேசையில் வைக்கும் உப்பு, மிளகுத்தூள் குப்பிகளுக்குக்கூடத் தனிக் காசு வாங்கியவர்கள் என்று அந்த அம்மாள்களுக்குப் பெயர் உண்டு. இருந்தும் அடுத்த ஆண்டு மறுபடி வந்தார்கள். 'மீண்டும் போதல்' என்ற வேர்ப்பொருளை இந்த மக்களைவிட உண்மையாக வாழ்ந்துகாட்டியவர்கள் வேறு யாரும் இல்லை என்பேன்.

அவர்களுக்காகவே ஊர் வளர்ந்தது. பிளாக்பூலில் மட்டும் மூன்று கடற்பாலங்கள். படகு அணையக் கட்டிய பாலங்கள் நாளடைவில் காற்று வாங்கவும் ஆடல் பாடல் பார்க்கவும் ஆன இடங்களாயின. சவுத்எண்டில் உள்ளது கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. 1894இல் 158 மீட்டர் உயரக் கோபுரம் பிளாக்பூலில் எழுந்தது. ஊர் திரும்பும்போது கையில் 'ராக்' என்னும் குச்சி மிட்டாய் இருக்கும். எங்கே கடித்தாலும் உள்ளே ஊரின் பெயர் தெரியும். சிவப்புச் சர்க்கரைப் பாகுப் பட்டைகளை எழுத்துகளாக வெள்ளைப் பாகுக்கு நடுவே அடுக்கி, திண்டு போல் பெரிதாக உருட்டி, சூடு ஆறுவதற்குள் விரல் பருமனுக்கு இழுத்துவிடுவார்கள். எழுத்து சிறுக்கும், வடிவம் சிதையாது. நுட்பமான கைவேலை அது.

1938இல் ஊதியத்துடன் விடுமுறைச் சட்டம் வந்து, போருக்குப் பின் கூட்டம் உச்சத்தைத் தொட்டது. பிறகு இறக்கம். மலிவான விமானப் பயணத் திட்டங்கள் மக்களை ஸ்பெயினின் வெயிலுக்கு அழைத்துப் போயின என்பதைத்தான் எல்லாரும் காரணமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. முறைவைத்து விடுமுறை விட்ட ஆலைகளே மூடப்பட்டபோது, சேர்ந்து கிளம்பக் கூட்டம் ஏது? நட்டத்தில் ஓடும் ரயில் பாதைகளை மூடச் சொல்லி 1963இல் வந்த பீச்சிங் அறிக்கையை ஒட்டிக் கிளைப்பாதைகள் பலவும் மூடப்பட்டன. கடற்கரை ஊர்களான ஹன்ஸ்டன்டனுக்கு 1969இலும் மேபிள்தார்ப்புக்கு 1970இலும் ரயில் நின்றது. பிரைட்டனின் மேற்குக் கடற்பாலம் 1975இல் மூடப்பட்டு, 2003இல் தீக்கிரையாகி, இன்று இரும்பு எலும்புக்கூடாகக் கடலில் நிற்கிறது.

விருந்தினர் வராத இல்லங்கள் என்ன ஆயின என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறை அறையாகத் தடுத்து மலிவான வாடகைக்கு விட்டார்கள். வேறு ஊர்களில் வாடகை கட்ட முடியாதவர்கள், வேலை இழந்தவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். 2019இல் வெளியான வறுமைக் குறியீட்டின்படி, இங்கிலாந்தில் மிகவும் பின்தங்கிய 10 பகுதிகளில் 8 பிளாக்பூலில் இருந்தன. முதலிடம் எசெக்ஸ் கடற்கரையில் உள்ள ஜேவிக்குக்கு. 2010, 2015 பட்டியல்களிலும் அதற்கே முதலிடம். லண்டன்காரர்கள் கோடையில் வந்து தங்குவதற்காக 1930களில் போட்ட இலேசான குடில்கள் அங்குள்ள வீடுகள். குளிர்காலத்தையும் சேர்த்து ஆண்டு முழுவதும் குடும்பங்கள் அவற்றில் வாழ நேர்ந்தது. 2021இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி தம் ஆண்டறிக்கை முழுவதையும் கடலோர மக்களின் உடல்நலக் குறைவைப் பற்றியே எழுதினார். நோய் தீர்க்கும் இடமென்று பிறந்த ஊர்கள் இவை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. சொல்லும் தன் முதல் பொருளுக்கே திரும்பியிருக்கிறது: வேறு போக்கிடம் இல்லாதவர்களின் போக்கிடம்.

எல்லா ஊர்களும் வீழ்ந்துகிடக்கவில்லை. பிரைட்டன் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ஓவியர் டர்னர் அடிக்கடி வந்து தங்கிய மார்கேட்டில் 2011இல் அவர் பெயரில் கலைக்கூடம் திறந்தார்கள். கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் நிலைமை நேர் எதிர். வெளியூர்ச் செல்வர்கள் விடுமுறை வீடுகளை வாங்கிக் குவிக்க, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு எட்டாக்கனியானது. புதிதாகக் கட்டும் வீடுகள் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்களுக்கே என்று 2016இல் ஊரார் வாக்களித்து முடிவு செய்தார்கள். ஊர் என்பதால்தான் அந்த வாக்கெடுப்பு. விடுதியில் வாக்கெடுப்பு நடக்காது.

தமிழில் இதற்கு என்ன சொல்? 'ஓய்வு விடுதி', 'சொகுசு விடுதி' இரண்டும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பொருந்தும், பிளாக்பூலுக்குப் பொருந்தா. 'சுற்றுலாத் தலம்' மிகவும் அகன்ற சொல். தஞ்சைப் பெரிய கோயிலும் அதில் அடங்கிவிடும். ஊட்டியையும் கொடைக்கானலையும் 'மலை வாசஸ்தலம்' என்கிறோம். முழு ஊரையும் சுட்டுகிற நல்ல முன்மாதிரி அது. 'கடல் வாசஸ்தலம்' என்று ஆக்கலாம். ஆனால் அதில் தங்குவது இருக்கிறதே தவிரக் குளிப்பதும் களிப்பதும் இல்லை.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் 'கடலாடு'. ஆடுதல் என்றால் நீராடுதல், விளையாடுதலும்கூட. சிலப்பதிகாரத்தின் ஆறாம் காதை கடலாடு காதை; இந்திர விழாவின் முடிவில் புகார் மக்கள் கடற்கரைக்குத் திரள்வதும், கோவலனும் மாதவியும் அங்கே போவதும் அதில் வருகின்றன. அதே புகாரைப் பாடும் பட்டினப்பாலை, மக்கள் 'தீது நீங்கக் கடலாடியும்' இருந்ததாகச் சொல்கிறது. அங்கே தீது நீங்க, பிரைட்டனில் நோய் நீங்க. இரண்டும் களியாட்டமாக விரிந்தன. மருந்துக் குளியலையும் விளையாட்டையும் ஒரே வினைக்குள் வைத்திருக்கும் சொல் வேறு எங்கே கிடைக்கும்?

ஆகவே ஊரைக் குறிக்கும்போது 'கடலாடு நகர்' என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. வினைத்தொகை என்பதால் காலம் உள்ளே ஒளிந்திருக்கும்: மக்கள் ஆடிய நகர், ஆடுகிற நகர், ஆடப்போகும் நகர். ஹன்ஸ்டன்டனுக்கும் பொருந்தும், பிரைட்டனுக்கும் பொருந்தும். பன்மையில் 'கடலாடு நகரங்கள்'. தங்குமிடத்தை மட்டும் சொல்லும் இடத்தில் 'ஓய்வு விடுதி' இருக்கட்டும். முதல் வரியை இப்போது திருத்தி எழுதினால்: 'பிளாக்பூல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கடலாடு நகர்.'