உட்கருவைத் துறக்கும் சிவப்பணு

ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் மெல்லியதாகப் பரப்பி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ஓரம் அடர்ந்தும் நடுவில் வெளிறியும் இருக்கும் வட்டங்கள் கண்ணில் நிறையும். அவை சிவப்பணுக்கள். இருபுறமும் குழிந்த வடிவம் என்பதால் மெலிந்த நடுப்பகுதி வெளிறித் தெரிகிறது. மரபணுக்களைத் தாங்கும் ஊதா நிற உட்கருவுடன் ஆங்காங்கே தென்படுபவை வெள்ளையணுக்கள். பொடிப்பொடியாகச் சிதறிக் கிடப்பவை தட்டணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் சுமார் 50 லட்சமும், தட்டணுக்கள் 1.5 முதல் 4.5 லட்சம் வரையும், வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரையும் இருக்கும்.

மூன்றுமே எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரே வகைக் குருத்தணுக்களிலிருந்து தோன்றுபவை. அவற்றுள் சிவப்பணு முதிரும் விதம் உண்மையிலேயே வியப்பூட்டுவது. அது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களையும், புரதம் உருவாக்கும் ரைபோசோம்களையும் பின்னர் இழக்கிறது. எஞ்சும் உடலில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் ஏறத்தாழ 27 கோடி மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ள வல்லது. மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமந்து செல்லும் ஆக்சிஜனைச் சிவப்பணு தனக்கெனச் செலவிடுவதில்லை. ஆக்சிஜனின் துணையின்றியே குளுக்கோஸைச் சிதைத்துத் தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது.

உட்கரு நீங்கியதால் கிடைக்கும் இன்னொரு பேறு நெகிழ்வு. 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிவப்பணு, தன்னைவிடக் குறுகலான தந்துகிகள் என்னும் நுண்குழாய்களிலும் வளைந்து மடங்கி நுழைந்து, மறுபுறம் பழைய வடிவத்துக்கே மீள்கிறது. உள்ளளவுக்குத் தேவையானதைவிட மேற்பரப்பு மிகுந்திருப்பதே இதற்கு வழிசெய்கிறது; உருண்டையாக இருந்திருந்தால் இப்படி மடங்க இடமிருக்காது.

ஆனால் மரபணுக்களை இழந்த சிவப்பணுவால் புதிய புரதம் எதையும் உருவாக்க இயலாது. தேய்ந்ததைப் புதுப்பிக்க வழியின்றிச் சவ்வு மெல்ல விறைக்கிறது. சுமார் 120 நாள்களில், மண்ணீரலின் மிகக் குறுகிய பிளவுகளில் நுழைய முடியாமல் அது சிக்கிக்கொள்கிறது. அங்குள்ள விழுங்கணுக்கள் அதைச் சிதைத்து, இரும்பை மீட்டு மஜ்ஜைக்குத் திருப்புகின்றன. ஈடாக, நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் புதிய சிவப்பணுக்கள் பிறக்கின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்தால், எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோனைச் சுரந்து இந்த வேகத்தைக் கூட்டுகிறது.

வெள்ளையணுக்கள் உட்கருவைக் கைவிடுவதில்லை, ஏனெனில் கிருமிகளுக்கு ஏற்பப் புதிய புரதங்களை அவை உருவாக்கியாக வேண்டும். அவற்றுள் பெரும்பான்மையான நியூட்ரோஃபில்களின் உட்கரு பல மடல்களாகப் பிரிந்திருக்கும். இரத்தக்குழாய்ச் சுவரின் இடுக்குகளில் நுழைந்து வெளியேற அது உதவுகிறது. தட்டணுக்களோ முழு உயிரணுக்களே அல்ல: மெகாகேரியோசைட் என்னும் பேரணுவிலிருந்து உதிரும் துண்டுகள். குழாய்ச்சுவர் கிழிந்து அதனுள் இருக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் வெளிப்பட்டதும் அவை அதில் ஒட்டி, வடிவம் மாறி, ஒன்றையொன்று பற்றி அடைப்பாகின்றன.

மஜ்ஜையை விட்டு அப்போதுதான் வந்த இளஞ்சிவப்பணுவில், புரதம் உருவாக்க உதவிய ஆர்.என்.ஏ.வின் எச்சம் ஒரு நாள் அளவுக்குத் தங்கியிருக்கும். தனிச் சாயத்தால் இந்த ரெட்டிகுலோசைட்டுகளை எண்ணிவிடலாம். இரத்தசோகையில் அவை மிகுந்திருந்தால், சிவப்பணுக்கள் இரத்தக்கசிவாலோ சிதைவாலோ குறைகின்றன எனவும், குறைந்திருந்தால் உற்பத்தியிலேயே தடை எனவும் மருத்துவர் கணிக்கிறார்.