ஏபிஐ: நிரல் இடைமுகம்

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கையில், திரையில் API என்ற மூன்று எழுத்து வந்ததும் ஒரு பிள்ளையாவது ‘ஆப்பி’ என்று படித்துவிடும். மலாயில் ஆப்பி என்றால் நெருப்பு; கெரேத்தா ஆப்பி என்றால் ரயில். அதனால் எழுத்தெழுத்தாகச் சொல்லியே தொடங்குவேன்: ஏ, பி, ஐ. ‘அப்ளிகேஷன் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்’ என்பதன் சுருக்கம் இது. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் வேலை கேட்பதற்கு வகுத்துவைத்த வழிதான் ஏபிஐ.

மூடப்பட்ட ஒரு தோட்டத்தின் பழைய படங்களுக்கு இணையத்தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள், காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம், தீமிதித் திருவிழா என்று ஆயிரம் படங்கள் சேர்கின்றன. ஒவ்வொன்றும் 4 மெகாபைட் என்றாலே 4 ஜிகாபைட் ஆகிவிடும். சிறிய தளம் அதைச் சுமக்கத் திணறும். ஆகவே படங்களை வெளியில் ஒரு படச்சேமிப்புச் சேவையில் வைக்கிறோம். ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக ஏற்றி, முகவரியை நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் தளமே ஏபிஐ வழியாகப் படத்தையும், கேட்பது யார் என்று காட்டும் இரகசியக் குறியீடான தன் சாவியையும் அனுப்பும். சேவை படத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதன் முகவரியைப் பதிலாகத் தரும். பெரும்பாலும் ஜேசன் (JSON) என்ற, தரவை எழுத்தாக அடுக்கும் வடிவில். தளம் அந்த முகவரியை மட்டும் தன் தரவுத்தளத்தில் குறித்துக்கொள்ளும். பார்ப்பவரின் கைப்பேசி படத்தை நேரே சேவையிலிருந்து எடுத்துக்கொள்ளும். சாவி தவறினால் 401 என்ற பிழை எண் வரும். குறுகிய நேரத்தில் அளவுக்கு மேல் கேட்டால் 429.

தோட்ட ஆபீஸ் சன்னலை நினைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் இது விளங்கும். சம்பள நாளில் பெயரையும் செக்ரோல் (வேலையாட்கள் பதிவேடு) எண்ணையும் சொன்னால் எழுத்தரான கிராணி பணத்தை எண்ணித் தருவார். உள்ளே எந்தப் பேரேடு, எந்த அலமாரி என்று வெளியே நிற்பவர் அறிய வேண்டியதில்லை. பேரேட்டை மாற்றினாலும் சன்னல் அதேதான்.

இந்தச் சொல்லின் பிறப்பும் இதே கருத்தில்தான். 1968இல் ஐரா காட்டன், ஃபிராங்க் கிரேட்டோரெக்ஸ் இருவரும் தொலைவிலிருந்து இயக்கும் கணினி வரைகலை பற்றி எழுதிய ஆய்வுரையில் ‘அப்ளிகேஷன் புரோகிராம் இன்டர்ஃபேஸ்’ என்ற தொடர் வருகிறது. திரைக் கருவியை மாற்றினாலும் நிரலை மாற்றி எழுத நேரக்கூடாது என்பதே அவர்கள் கருத்து. ஆக, படம் காட்டும் வேலைக்காகவே பிறந்த தொடர் இது! இணையத்தில் 2000இல் வணிக மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸும் ஏல விற்பனைத் தளமான ஈபேயும் இத்தகைய வாசலைத் திறந்தன. படங்களுக்கு, படப்பகிர்வுத் தளமான ஃபிளிக்கர் 2004இல் திறந்தது.

இனித் தமிழ்ச்சொல். இன்டர்ஃபேஸ் என்பது முதலில் இரு பொருள்கள் தொடும் பரப்பைக் குறித்த அறிவியல் சொல். தமிழில் இடைமுகம், மலாயில் ‘அந்தாரா மூக்கா’. அந்தாரா என்றால் இடை. மூக்காவும் நம் முகமும் ‘முக’ என்ற ஒரே வடசொல் வழி வந்தவை. தமிழில் முகத்துக்கு வாயில் என்ற பொருளும் உண்டு: துறைமுகம், கழிமுகம். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கப்பல் ஊருக்குள் வருவதில்லையே. அதனால் இடைமுகம் எனக்கு முழு நிறைவு தரும் சொல்.

முழுத் தொடரைப் ‘பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம்’ என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் நாவில் நிற்காது. ‘அப்ளிகேஷன்’ ஒருவருக்குப் பயன்பாடு, இன்னொருவருக்குச் செயலி. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் ஆகிவிடுகிறது. 1968இன் தொடரில் இருந்தது புரோகிராம்தான், புரோகிராமிங் அல்ல. எனவே நிரலாக்கம் வேண்டாம், நிரல் போதும். நிரல் என்றால் வரிசை; புரோகிராமும் கட்டளைகளின் வரிசைதானே. இலக்கணத்தில் நிரல்நிறை படித்தவர்களுக்குத் தெரிந்த சொல். ‘நிரல் இடைமுகம்’ என்றே நான் எழுதுகிறேன், சொல்லிக்கொடுக்கிறேன். ரப்பரைப் பால்மரம் என்றும் எண்ணெய் தரும் பனையைச் செம்பனை என்றும் சொல்லிப் பழகிய இந்த மண்ணில் அது தங்கும் என்று நம்புகிறேன்.

ஏபிஐ சாவி என்பதில் வரும் சாவி போர்த்துகீசியம் தந்தது; திறவுகோல் என்றும் எழுதலாம். எப்படி எழுதினாலும் அதை இணையப் பக்கத்துக்குள் வைத்துவிடாதீர்கள், பக்கத்தைத் திறக்கும் எவரும் அதைப் படித்துவிடலாம். தளம் இயங்கும் சர்வரிலேயே அது இருக்கட்டும்.