ரீஆம்பிங்: ‘மறுபெருக்கம்’ ஏன் பொருந்தாது

மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் கிட்டார் மாணவர் ஒருவர், வீட்டில் பதிந்த பாட்டொன்றைக் கொண்டுவந்து, “மறுபெருக்கம் செய்தேன் ஐயா, ஒலி கரகரவென்று உடைகிறது” என்றார். திறந்து பார்த்தால், கிட்டார்த் தடத்தின் ஒலியளவு உச்சிவரை ஏற்றப்பட்டிருந்தது. அலைவடிவத்தின் மேலும் கீழும் கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருந்தன. பிழை அவருடையதன்று. பதிந்த கிட்டார் ஒலியைப் பெருக்கிவழி அனுப்பித் திரும்பப் பதியும் ‘ரீஆம்பிங்’ முறையைத் தமிழ்க் கையேடு ஒன்று ‘மறுபெருக்கம்’ என்கிறது; அந்தச் சொல் சொன்னதைத்தான் அவர் செய்திருந்தார். இந்தச் சொல்லால் இப்படி இடறியவர்களை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

‘ஆம்ப்’ என்பது ஆம்ப்ளிஃபயரின் சுருக்கம். நம் தீவில் பிரெஞ்சு வழக்கை ஒட்டி ‘ஆம்ப்ளி’ என்போம். பெரியது என்னும் பொருளுடைய ஆம்ப்ளுஸ் என்ற லத்தீன் சொல் அதன் வேர். தமிழில் ‘பெருக்கி’ என்பது சரியாகவே பொருந்துகிறது.

‘மறுபெருக்கம்’ என்பதில்தான் கோளாறு. ரீஆம்பிங்கில் கிட்டாரின் ஒலிக்குறிகை முதலில் பெருக்கியின் நிறம் படியாமல் நேரடியாகப் பதியப்படுகிறது. பிறகு அதே பதிவு கணினியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, கிட்டார் பெருக்கியின் வழியே சென்று, அதன் ஸ்பீக்கர்முன் வைத்த மைக்கினால் புதிய தடமாகத் திரும்பப் பதியப்படுகிறது. இங்கே ‘ஆம்ப்’ ஒரு கருவியின் பெயர்; பெருக்குதல் என்ற செயலை அது குறிக்கவில்லை. மொழிபெயர்த்தவர் பொருளைப் பார்க்காமல் பிரெஞ்சு ‘ரெஆம்ப்ளிஃபிகாசியோன்’ என்பதை உறுப்புறுப்பாகப் பெயர்த்துவிட்டார் என்றே எண்ணுகிறேன். ‘மறு’ என்பதும் உதவவில்லை. மறுநாள், மறுகரை, மறுமணம் என்பவற்றில் அது வேறொன்றைச் சுட்டுகிறது. கிட்டார் வாசிப்பவர் இன்னொரு தடவை வாசிக்கிறார் என்ற மயக்கம் எழ இடமுண்டு. ரீஆம்பிங்கின் பயனோ, மறுபடி வாசிக்காமலே ஒலியின் தன்மையை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான்.

இதைவிடப் பெரிய தீங்கு, மென்பொருளின் குறை எது என்பதையே இச்சொல் மறைத்துவிடுவது. கராஜ்பேண்ட், அடாசிட்டி போன்ற தொடக்கநிலை ஒலிப்பதிவுச் செயலிகளில் ‘மறுபெருக்கம்’ கடினம் என்று கேட்பவர், அவற்றுக்குப் பெருக்கும் திறன் போதாது என்று நினைப்பார். ஒலியளவை ஏற்ற அவற்றில் தடையே இல்லை. குறை வெளியேறும் வழியில் இருக்கிறது. கராஜ்பேண்டில் எல்லாத் தடங்களும் ஒரே ஸ்டீரியோ வெளியீட்டில் சேர்கின்றன; ஒரு தடத்தை மட்டும் பிரித்து, கணினியோடு ஒலிக்கருவிகளை இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியின் மூன்றாம் வெளியீட்டுத் துளைக்கு அனுப்ப முடியாது. அடாசிட்டியிலும் தடத்துக்கொரு வெளியீடு கிடையாது. மாணவருக்கு நான் காட்டியது பழைய உபாயம்: நேரடித் தடத்தை முழுக்க இடப்புறமும், மற்றவற்றை முழுக்க வலப்புறமும் தள்ளி, இடப்பக்க வெளியீட்டைப் பெருக்கிக்கும் வலப்பக்கத்தை ஹெட்ஃபோனுக்கும் கொடுத்தோம். புதிய தடத்தின் உடன்கேட்பை (பதியும்போதே அந்த ஒலியை வெளியீட்டில் கேட்கும் வசதியை) அணைக்க மறந்தால் மைக்கின் ஒலி மீண்டும் பெருக்கிக்கே போய்ச் சுழன்று வீறிடும். திரும்பிவரும் தடம் சில மில்லிநொடிகள் பிந்தியிருந்தால், கையால் இழுத்துப் பொருத்த வேண்டும். இவை எல்லாம் ஒலிக்குறிகை போய்வரும் வழியின் சிக்கல்கள்; ‘பெருக்கம்’ என்ற சொல்லிலிருந்து இவற்றில் ஒன்றையும் ஊகிக்க முடியாது.

ஆகவே ‘பெருக்கிவழி மீள்பதிவு’ என்று எழுதுகிறேன். ‘மீள்’ என்பது போனது திரும்பி வருவதைச் சொல்கிறது. ‘பெருக்கிவழி’ என்பது எதன் ஊடாக என்பதைச் சொல்கிறது. நீளம்தான், ஆனால் தவறான பொத்தானை நோக்கிக் கையை இழுக்காத நீளம். பேச்சில் ரீஆம்ப் என்றே சொல்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. புரியாத தூய சொல்லைவிடப் புரிந்த கடன்சொல் மேல்.

1990களில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜான் குனிபெர்ட்டி இதற்கென ஒரு சிறு பெட்டியை வடிவமைத்து, ‘ரீஆம்ப்’ என்ற பெயரில் விற்றார். பதிவுக்கருவியின் வலுவான வெளியீட்டைக் கிட்டார் தரும் அளவுக்கு இறக்கி, மின்மறுப்பையும் (இம்பீடன்ஸ்) பெருக்கிக்கு இசைவாக்குவது அதன் வேலை. கையேட்டில் அதுவும் ‘மறுபெருக்கிப் பெட்டி’ ஆகியிருக்கிறது. அதைத் ‘தணிப்புப் பெட்டி’ என்று திருத்தி மாணவரின் பிரதியில் எழுதிக் கொடுத்தேன்.