லாப இலக்கு தவறினால் எதைப் பார்க்க வேண்டும்?

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் எட்டுக் காலாண்டு கான்கால் (முடிவுகள் வந்தபின் நிர்வாகம் முதலீட்டாளர்களோடு நடத்தும் தொலைபேசிக் கூட்டம்) உரைகளை அச்செடுத்து, நிர்வாகம் வாக்குக் கொடுத்த இடங்களிலெல்லாம் மஞ்சள் பேனாவால் கோடிட்டிருந்தார். முதல் உரையில் “நிகர லாபம் இரட்டிப்பாகும்” என்று இருந்தது. நான்காவதில் அது “எபிட்டா உயரும்” என்று, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம் உயரும் என்று மாறியிருந்தது. ஏழாவதில் லாபம் என்ற சொல்லே இல்லை. “ஆர்டர் கையிருப்பு வலுவாக இருக்கிறது” என்பதோடு நின்றுவிட்டார்கள். “இவர்களை இன்னும் நம்பலாமா சார்?” என்றார்.

தணிக்கைத் தொழிலில் 20 ஆண்டுகளாக இருக்கிறேன். கணிப்பு பொய்ப்பதை நான் குற்றமாகக் கருதுவதில்லை. மூலப்பொருள் விலை ஏறும், இயந்திரம் வந்துசேரத் தாமதமாகும். ‘இன்ன காரணத்தால் இத்தனை கோடி குறைந்தது’ என்று தொகையோடு சொல்பவரிடம் பணத்தை விட்டுவைக்கலாம். படியையே மாற்றி அளப்பவரிடம்தான் எனக்கு அச்சம்.

இலக்கை எட்டிவிட்டோம் என்று சொன்னாலும், எந்த லாபம் என்று கேட்க வேண்டும். பேடிஎம் நிறுவனத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு விற்கப்பட்ட பங்கு, பட்டியலான முதல் நாளே சுமார் 27 சதவீதம் சரிந்தது. ஆறு காலாண்டுகளில் செயல்பாட்டு அளவில் நட்டத்திலிருந்து மீள்வோம் என்று 2022 ஏப்ரலில் நிறுவனர் விஜய் சேகர் சர்மா பங்குதாரர்களுக்கு எழுதினார். அந்த ஆண்டு டிசம்பர் காலாண்டிலேயே 31 கோடி ரூபாய் லாபம் காட்டினார்கள். அது ஊழியர்களுக்குத் தரும் பங்குகளின் செலவைக் கழிக்காத எபிட்டா. அதே காலாண்டின் நிகர நட்டம் 392 கோடி! அளவுகோலை முன்கூட்டியே அறிவித்திருந்ததால் இதில் ஒளிவுமறைவு இல்லை; ஆனால் தலைப்பை மட்டும் படித்தவருக்கு அது தெரிந்திருக்காது. 2024 செப்டம்பர் காலாண்டில் வந்த 930 கோடி நிகர லாபத்திலும், டிக்கெட் தொழிலைச் சொமேட்டோவுக்கு விற்றதால் ஒரே ஒருமுறை கிடைத்த 1,345 கோடி ஆதாயம் அடங்கியிருந்தது.

மின்வாரிய நண்பரின் நிறுவனத்துக்கு வருவோம். கையில் உண்மையில் எவ்வளவு பணம் வந்தது, போனது என்று காட்டும் பணப்பாய்வு அறிக்கையைத் திறந்தோம். எல்லா நிறுவனங்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வெளியிடுவதில்லை. செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகளும் லாபம் காட்டியிருந்தார்கள், ஆனால் செயல்பாட்டிலிருந்து பணம் வரவில்லை, வெளியேதான் போயிருந்தது. ஏட்டுச் சுரைக்காய். விற்ற சரக்குக்குக் காசு வராமல், வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்ந்திருந்தது. ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் அந்தப் பாக்கியை ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், மூன்று ஆண்டுக்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பலர் புரட்டாத பக்கம் அது. அங்கே பழைய பாக்கியின் கட்டம் ஒரே ஆண்டில் பருத்திருந்தது.

பெரியவர் அந்தக் கட்டத்தையும் மஞ்சளில் குறித்துக்கொண்டார். அடுத்த கான்காலில் கேட்பதற்காகக் கோப்பின் அட்டையில் ஒரு கேள்வியை எழுதினார்: “ஓராண்டைத் தாண்டிய பாக்கி யாரிடம் நிற்கிறது?” பதில் வரும்வரை புதிதாக ஒரு பங்குகூட வாங்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.