"கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டாம், கிட்னி போய்விடும்"

மூளைக் கட்டியா என்று பார்க்க, கட்டியைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், மேஜையில் ஏறிப் படுத்த பிறகு இந்தப் பேச்சு வருகிறது. கூட வந்தவர்களும் ஆமாம் போடுகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை இதன் தலையில் ஏற்றுகிறார்கள். எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது கடோலினியம். அதில் அயோடின் துளியும் இல்லை. அளவு, கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு மருந்தின் செறிவைப் பொறுத்து 6 அல்லது 12 மி.லி. நல்ல கிட்னியை இது கெடுப்பதில்லை. ஏற்கெனவே செயலிழந்த கிட்னியால் மருந்தை வெளியேற்ற முடியாது, அதுதான் விஷயம். அப்படிப்பட்டவர்களுக்குத் தோல் தடித்து இறுகும் நோய் வருவதை 2006-இல் இதனோடு தொடர்புபடுத்தினார்கள். பெரும்பாலும், கடோலினியத்தைத் தளர்வாகப் பிடித்திருக்கும் பழைய நேர்கோட்டு அமைப்பு மருந்துகளால் வந்தது அது. அவற்றில் பலவற்றை ஐரோப்பா 2017-இல் நிறுத்தியது. அதை இறுக்கிப் பிடித்திருக்கும் இப்போதைய வளைய அமைப்பு மருந்துகளில் அது மிக மிக அரிது. ஆகவே ஊசியை மறுக்காதீர்கள், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள். இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே என்றாலோ, டயாலிசிஸ் என்றாலோ முதலிலேயே சொல்லுங்கள்.

ஊசி இல்லாத படத்தில் வேறு உறுப்பிலிருந்து பரவிய 4 மி.மீ. கட்டி சுற்றியுள்ள திசுவோடு கலந்து மறைந்துவிடும். ஊசிக்குப் பின் அதே இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும். ஒரு புள்ளியா, ஐந்தா என்பதில் சிகிச்சையே மாறுகிறது. அதற்காக, வெள்ளையாகத் தெரியாததெல்லாம் புற்று இல்லை என்றும் எண்ணாதீர்கள். மூளைத் திசுவிலேயே தொடங்கி மெதுவாக வளரும் கிளையோமா கட்டிகளில் பல, இந்த ஊசி மருந்தை ஏற்று வெள்ளையாவதே இல்லை.

டெக்னீஷியன் நண்பர்களுக்கு: ஊசிக்கு முந்தைய டி1 வகைப் படத்தைத் தவிர்க்காதீர்கள், பழைய ரத்தக்கசிவும் வெள்ளையாகத்தான் தெரியும். ஊசி போட்டதும் அவசரப்படாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். அடுத்த முறையும் அதே அளவு, அதே இடைவெளி. இல்லாவிட்டால் வளராத கட்டி வளர்ந்ததாகத் தெரியும்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லிம்ஃபோமா (நிணநீர் அணுக்களின் புற்று) சந்தேகம் இருந்தால், உயிருக்கு ஆபத்தில்லாத பட்சத்தில், பயாப்சிக்கு முன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்காதீர்கள். கட்டி சுருங்கி மறைந்து, எடுக்கும் திசுவிலும் விடை கிடைக்காமல் போகும். அறுவைக்குப் பிந்தைய ஸ்கேனை 48 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். தாமதித்தால் காயத்தின் ஓரமும் வெள்ளையாகி, மிச்சக் கட்டியைப் பிரித்தறிய முடியாது.

முன்பு இந்த ஊசியால் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் மருந்தின் பெயரோடு சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. ஊசி ஏறும்போது கை எரிந்தாலோ வீங்கினாலோ பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே மணியை அழுத்துங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது தயவுசெய்து பழைய ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கொண்டுவாருங்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டியை ஒப்பிட முடியாது.